சிப்பிக் கல்லைத் தேய்த்தவர்

கறை என்று ஒன்று இருந்தால் அது போகும். எதிர்வீட்டு ஆன்ட்டியின் கட்சி இதுதான். இதற்கு மேல் அவரிடம் தத்துவம் எதுவும் கிடையாது. இதிலிருந்து ஒரு படி கீழே இறங்கி வரவும் மாட்டார். போகாத கறை என்று உலகத்தில் எதுவும் இல்லை, போக்கத் தெரியாத கைகள்தான் உண்டு என்பார். அந்தக் கைகள் பெரும்பாலும் என்னுடையவையாக இருந்தன.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் கதவுக்கும் அவர் கதவுக்கும் நடுவே ஒரு நடைவழி. எங்கள் பாதி, அவர் பாதி என்று அதில் கோடு போட்டிருக்கவில்லை. அதனால் மொத்தத்தையும் அவரே கழுவினார். விடிந்தும் விடியாததுமாக வாளி உருளும் சத்தம், துடைப்பத்தின் சரசரப்பு, பிறகு தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கள் செருப்புகளை அழைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிப் போகும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒற்றைச் செருப்போடு கீழ்மாடியில் நின்று மற்றதைத் தேடியிருக்கிறேன். மேலே பார்த்தால் கம்பிக்கு வெளியே அவர் தலை தெரியும்.

"பசியாறிட்டியா பாப்பா?"

"செருப்பத் தேடிக்கிட்டு இருக்கேன் ஆன்ட்டி."

"காலையில கழுவுனா வீட்டுக்கு லட்சுமி வரும்மா."

"நாங்க கிறிஸ்டியன் ஆன்ட்டி."

"அதனால என்னா? வர்றவங்கள வேணாம்னு சொல்லிடுவியா?"

நனைந்த செருப்போடு பஸ் ஏறிவிடுவேன். நாள் முழுக்க அலுவலகத்தில் என் கால் சளக்சளக்கென்று அவரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

அவருடைய ஆயுதங்கள் எளியவை. பழம்புளி, எலுமிச்சை, கல்லுப்பு, தேங்காய் நார். கடையில் புட்டியில் விற்கும் எதையும் நம்பமாட்டார். "அதெல்லாம் வெறும் வாசனதான் லா. அழுக்க மூடி வெக்கும், எடுக்காது." வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டுக் குத்துவிளக்கு புளியில் ஊறும். மாலையில் திரி போடுவதற்கு முன்பே அது எரிவதுபோல் இருக்கும். அதுவரைக்கும் சரி, அவர் விளக்கு, அவர் புளி. ஆனால் மிச்சப் புளி என்ற ஒன்று எப்போதும் இருந்தது. அது எங்கள் கதவைத் தட்டும்.

எங்கள் வீட்டு நிலைக்கு மேல் ஒரு பித்தளைச் சிலுவை, அப்பாவின் குடும்பத்தில் வந்தது. ஆன்ட்டி அதை இறக்கித் தேய்ப்பார். வாராவாரம். முதலில் முள்முடியின் முட்கள் போயின. பிறகு விலா எலும்புகள். பிறகு, ஒரு தவக்காலத்தில், மூக்கு.

"ஆன்ட்டி, இயேசுவுக்கு மூக்கக் காணோம்."

"பளபளன்னு இருக்காரா இல்லியா?"

"யாருன்னே தெரியலயே!"

"உங்க சாமிய உங்களுக்கே தெரியலன்னா நான் என்னா பண்றது?"

அடுப்படியில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு அவரிடம் கோபமே வராது. அமலோற்பவம் என்ற அம்மாவின் நீளமான பெயரை அமலாக்கா என்று சுருக்கிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் நடைவழியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். அம்மா பேசுவார். ஆன்ட்டி கேட்டுக்கொண்டே அம்மாவின் கோப்பையில் விளிம்புக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருப்பார், கோப்பி உள்ளே இருக்கும்போதே.

லிட்டில் இந்தியாவுக்கு அவரோடு போவது எனக்கு ஒரு தண்டனை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒருமுறை நகைக்கடை வாசலில் யாரோ ஒரு மனிதர் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில், தோளுக்குக் கீழே, குழம்பு. ஆன்ட்டி முந்தானை நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்தார். நான் தடுப்பதற்குள் அந்த மனிதரின் முதுகுப் பக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விறைத்து நின்றார். போனில் அந்தப் பக்கத்துக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். "இவங்க யாருங்க?" என்று சட்டைக்காரர் என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு நான் மசாலாக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. சிரிக்க முடியாதவையும் உண்டு. என் அக்காவின் குழந்தைக்குத் தொடையில் பிறவி மச்சம், நாகப்பழத்தைக் கசக்கித் தேய்த்ததுபோல் ஒரு நிறம். குழந்தையைப் பார்க்க வந்த ஆன்ட்டி அதைப் பார்த்தார். வெந்நீரில் துணி நனைத்து, மெதுவாகத்தான், ஆனால் விடாமல், தேய்த்தார். குழந்தை வீறிட்டது. அக்கா பிடுங்கி எடுத்தாள்.

"மச்சம் ஆன்ட்டி அது! பொறக்கும்போதே இருந்துச்சு. போகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டர் தேச்சுப் பாத்தாரா?"

அந்த முகத்தில் கேலி இல்லை, பிடிவாதம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

அம்மா போனபோது எல்லாவற்றையும் ஆன்ட்டிதான் பார்த்துக்கொண்டார். வந்தவர்களுக்குக் கோப்பி, உட்கார நாற்காலி, கழுவ வேண்டிய பாத்திரம், துவைக்க வேண்டிய துணி. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா வரவேற்பறையில் அப்படியே நின்றார். அம்மாவின் சாய்வு நாற்காலி. தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊறி ஊறி ஒரு கருத்த வட்டம் இருக்கும். ஒவ்வொரு மாலையும் அம்மாவின் தலை போய்ப் பொருந்திக்கொண்ட இடம். அது இல்லை. துணி ஈரமாக, வெளிறி, எலுமிச்சை மணத்தோடு இருந்தது.

"எவ்ளோ நாளுக் கறண்ணே அது," என்றார் ஆன்ட்டி. கைகள் சிவந்திருந்தன. "லேசுல விடல."

துறைமுகத்தில் கிராணியாக முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் கப்பலாகச் சாமான் கணக்குப் பார்த்த அப்பா, எதற்கும் குரல் உயர்த்தாதவர், அன்றும் உயர்த்தவில்லை. நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். ஈரம் காயும்வரை எடுக்கவில்லை.

அதனால்தான் அம்மாவின் கல்லறைக்குப் போடும் கல் அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. இனி அம்மா என்று எழுதி வைக்க இருப்பது அது ஒன்றுதான்.

எல்லாரும் கறுப்பு கிரானைட் போடுவார்கள். அப்பாவுக்குக் கறுப்பு வேண்டாம். ஜெலுத்தோங்கில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கல்பட்டறையில், ஏதோ ஹோட்டல் முன்கூடத்துக்கு வெட்டியதுபோக மிஞ்சிய பலகைகளுக்கிடையே, அவர் இதைப் பார்த்தார். பார்த்தால் பாலில் கொஞ்சம் ரோஜாநிறம் கலந்ததுபோல் மங்கலாக இருந்தது. தவுக்கே ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். கல் விழித்துக்கொண்டது. தாமரைத் தண்டைக் குறுக்கே அரிந்து போட்டதுபோல் வட்டங்கள். மாட்டுக்கொம்புபோல் வளைந்து நீண்ட வடிவங்கள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, ஒன்றின் வாயில் ஒன்று முளைத்து, நெரிசலான பஸ்ஸில் நிற்பதுபோல் நின்றன.

"பாத்து லாவுட், அங்கிள். கடல் கல்லு," என்றார் தவுக்கே. வேலைக்காரர்களிடம் பழகிய, மலாய் கலந்த தமிழ் அவருடையது. "போர்த்துக்கல்லேருந்து வருது. எல்லாம் சிப்பி. டைனோசர் காலம்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கிரிட்டேசியஸ் காலத்துக் கடலின் அடிமண். ஏறக்குறையப் பத்துக் கோடி வருடம். ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். அதில் கூட்டங்கூட்டமாக, பவளம்போல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்த ஒரு சிப்பி இனம். கொம்புபோல் ஒரு ஓடு, அதற்கு மூடிபோல் இன்னொன்று. செத்தவற்றின்மேல் இருப்பவை வளர்ந்தன; அவையும் செத்து, சேறு மூடி, சேறும் ஓடும் சேர்ந்து இறுகிக் கல்லாயின. அந்த இனத்தில் இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. பத்துக் கோடி வருடம் யாரும் துடைக்காமல் கிடந்திருக்கிறது. என்ன நிம்மதியான இருப்பு!

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "ஒங்கம்மாவுக்கு கெராங்னா உசிரு," என்றார். கெராங் என்று நாங்கள் சொல்வது சேற்றுச் சிப்பி. அவித்துக் காரச் சாந்தில் தோய்த்துத் தின்பது. அம்மா ஒரு தட்டைத் தனியாகக் காலி செய்வார். "சிப்பிக்கு நடுவுல இருக்கட்டும்."

தவுக்கே ஒரு எச்சரிக்கை சொன்னார். "வெயில் தாங்கும், மழை தாங்கும். ஆனா அசாம் கூடாது, லிமாவ் கூடாது. புளிப்பு எதுவும் பட்டா இந்தக் கல்லு தின்னுக்கிட்டே போகும்." புளியையும் எலுமிச்சையையும் யாராவது கல்லறைக்குக் கொண்டுபோவார்களா என்று நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சிரித்தோம்! எதிர்வீட்டில் யார் இருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நிமிடம் தோன்றவில்லை.

சிப்பி இருக்கும் இடத்தில் ஆழமாக வெட்டினால் தெறிக்கும் என்று எழுத்தைத் தவுக்கே மேலோட்டமாகத்தான் வெட்டினார். அமலோற்பவம். உள்ளே பழுப்பு மை பூசி, மேலே பாலீஷ் போட்டு, கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல் அம்மாவின்மேல் போய் உட்கார்ந்தது.

நவம்பர் மாலை. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தியும் செவ்வந்தியும் கொசுவும். எங்களோடு ஆன்ட்டியும் வந்திருந்தார். குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார்.

"என்னாம்மா இது? இவ்ளோ கறையோட கல்ல வாங்கியிருக்கீங்க? ஏமாத்திட்டான் அந்தத் தவுக்கே."

"கறை இல்ல ஆன்ட்டி. சிப்பி. கல்லுக்குள்ள இருக்கு."

"கல்லுக்குள்ள எப்படிமா சிப்பி போகும்?"

"கடலுக்கு அடியில இருந்துச்சு. டைனோசர் காலத்துல."

"நீ பாத்தியா?" நகத்தால் ஒரு வட்டத்தைச் சுரண்டினார். "சிப்பின்னா கையில தட்டுப்படணும். வழவழன்னு இருக்கு பாரு."

"கல்லோட கல்லா ஆயிடுச்சு ஆன்ட்டி, பாலீஷ் வேற போட்டிருக்கு, அதான்."

"அப்ப சிப்பி இல்ல. கல்லாயிடுச்சுன்னு நீயே சொல்ற. கல்லு மேல இருக்கறது கறை." அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க கவலப்படாதீங்கண்ணே."

கவலைப்பட்டிருக்க வேண்டும். அன்றே பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தேன். எதையாவது விட்டுவிடக்கூடிய பெண்ணா அவர்? இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கதவை மிச்சப் புளி தட்டுவது நின்றுபோயிருந்தது. சிலுவைக்கு ஓய்வு. வயதாகிவிட்டது, கை வலிக்கிறதோ என்னவோ என்று பேசிக்கொண்டோம். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பையோடு கிளம்பி, பஸ்ஸில் ஏறி, மதியத்துக்கு முன் திரும்பிவிடுவார். பசாருக்குக் காய்கறி வாங்க என்று நினைத்தோம்.

நடுவில் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். கல்லறைப் பக்கம் போக முடியவில்லை. இன்னொரு நவம்பர் வந்தபோது, திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பூவும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு அப்பாவைக் காடியில், எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர், ஏற்றிக் கூட்டிப்போனேன். காலை வெயில். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கல்லுக்கு எதிரே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சிப்பிகள் எழுந்து நின்றன. பாலீஷ் போன இடமெல்லாம் கல் சுண்ணாம்புபோல் வெளுத்துக் கீழே இறங்கியிருக்க, இறுகிய ஓடுகள் மட்டும் கரையாமல் வட்டம் வட்டமாக, கொம்பு கொம்பாக மேலே நின்றன. இப்போது கையில் தட்டுப்பட்டன, அவர் கேட்டபடியே! அவற்றின் நடுவில், கரைந்த சோப்புக் கட்டியில் மிஞ்சும் எழுத்துப்போல, அம்மாவின் பெயர். மை இல்லை. ஓரங்கள் இல்லை. 'அ' என்று தெரிந்து பார்த்தால் 'அ'. கடைசி எழுத்தின் புள்ளி எங்கே இருந்தது என்றே சொல்ல முடியவில்லை.

அப்பா விரலால் அதன்மேல் எழுதிப் பார்த்தார். நடுவில் விரல் வழிதவறி ஒரு சிப்பியின்மேல் ஏறி நின்றது.

அப்போதுதான் பின்னால் வாளிச் சத்தம்.

"அண்ணே! நீங்களும் வந்துட்டீங்களா? முட்டி எப்படி இருக்கு?" ஆன்ட்டி உட்கார்ந்து, பையிலிருந்து நாரை எடுத்து, வாளியிலிருந்த புளிக்கரைசலைக் கல்லின்மேல் தெளித்தார். கல்லில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. அவர் முகம் மலர்ந்தது. "நுரைக்குது பாருங்க. வாரா வாரம் வந்து தேய்க்கறேன், இன்னும் அழுக்கு கெளம்பிக்கிட்டே இருக்கு. பால் மாதிரி ஓடும். இவ்ளோ அழுக்க உள்ள வெச்சிருக்கு இந்தக் கல்லு."

அப்பா குனிந்து வாளியை எடுத்தார். புல்லில் கவிழ்த்தார். வாளியைத் திரும்ப அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கைத்தடியோடு காடியை நோக்கி நடந்தார். மாலையில் எங்கள் வீட்டு நடைவழிக் கதவு சாத்தப்பட்டது. அந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து பகலில் சாத்தியே அறியாத கதவு.

நான் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

"அது அழுக்கு இல்ல ஆன்ட்டி! அது கல்லு! கல்லத்தான் கரைச்சு ஊத்தியிருக்கீங்க! அதுலதான் அம்மா பேரு இருந்துச்சு!"

"பேரு மேல நான் அழுத்தித் தேய்க்கவே இல்லம்மா. பக்கத்துல இருந்த கறையத்தான்…"

"கறை இல்லன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்னே." கொஞ்ச நேரம் அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அமலாக்கா மேல கறையப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா? என்னால முடியாது பாப்பா."

திரும்பி வந்து எங்கள் கதவை இன்னொரு முறை சாத்தினேன், ஏற்கெனவே சாத்தியிருந்ததை.

தவுக்கே ஆளோடு வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். இதன்மேலேயே மறுபடி வெட்ட முடியாது, பிடிமானம் இல்லை என்றார். கல்லைப் பட்டறைக்குக் கொண்டுபோய், முகத்தை மட்டமாக அரைத்து எடுத்துவிட்டு, புதிதாக பாலீஷ் போட்டு, புதிதாகப் பெயர் வெட்ட வேண்டும்.

"அப்ப இருக்கறதும் போயிடுமா?" என்று அப்பா கேட்டார்.

"அது போனாத்தான் புதுசு, அங்கிள்."

அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "மிச்சம் இருக்கறத நாமளே அழிக்கணும்ங்கறான்," என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டு. மறுநாளும் அதையே சொன்னார். எழுத்துத் தெரியாத கல்லில் விரலை வைத்துத் தேடுவதா, அதையும் இழந்து புதிதாக வாங்குவதா என்பதில் அவர் இளைத்துக்கொண்டே போனார். கடைசியில் அவரே தவுக்கேக்கு போன் போட்டார்.

பட்டறைக்குப் போகிற காலையில் ஆன்ட்டிக்குத் தெரியக்கூடாது என்று படிக்கட்டில் சத்தமில்லாமல் இறங்கினோம். காடிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. கதவு திறந்ததும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்பா முன்சீட்டில் ஏறி நேரே பார்த்துக்கொண்டார். ஜெலுத்தோங் வரைக்கும் காடிக்குள் நான் மட்டும் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

கல்லைப் பலகைமேல் மல்லாத்திப் போட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து, தவுக்கே மெஷினை இறக்கினார். காது கிழியும் சத்தம். பெயர் இருந்த பக்கம் மெஷின் வந்தபோது அப்பா திரும்பி, வாசலில் நின்ற லாரியின் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் பார்க்காததை நான் பார்த்தேன். ஒரே ஓட்டம், அவ்வளவுதான். வெள்ளைத் தண்ணீராக அம்மாவின் பெயர் கால்வாயில் ஓடியது.

ஆன்ட்டி மட்டும் முன்னால் சாய்ந்து நின்றார். "மெஷின்ல போகும் பாரு," என்று என் காதில் சொன்னார். கொலை செய்யலாம்போல் இருந்தது எனக்கு.

மெஷின் நின்றது. தவுக்கே தண்ணீரை வழித்து விட்டார். எனக்குப் பழகிப்போயிருந்த அந்தப் பெரிய வட்டம் போயிருந்தது. மூலையில் இருந்த கொம்பும் போயிருந்தது. அவை இருந்த இடத்தில் வேறு வட்டங்கள், வேறு கொம்புகள், முன்னைவிட நெருக்கமாக, ஈரத்தில் பளிச்சென்று.

ஆன்ட்டியின் வாய் திறந்தது. "தவுக்கே, இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."

தவுக்கே இன்னொரு முறை ஓட்டினார். இவை போய் இன்னும் வேறு வந்தன.

"கடைசி வரைக்கும் இதான் அக்கா," என்று அவர் கல்லின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் பாரு, அடிப்பக்கம் பாரு. அழுக்கு இல்ல. எல்லாம் உயிரோட இருந்துச்சு. கடல்ல."

ஆன்ட்டி குனிந்து விளிம்பைப் பார்த்தார். கல்லுக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இத்தன நாளா நான் யாரத் தேச்சேன்?"

அவர் தவுக்கேயிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "கடல்ல போனது இப்படித் தங்குமா தவுக்கே?"

அவர் எதைக் கேட்கிறார் என்று தவுக்கேக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது. அவர் கணவரின் சாம்பலைப் படகில் எடுத்துப்போய்க் கடலில்தான் கரைத்தார்கள், நான் வேலையில் சேர்ந்த புதிதில். வாரா வாரம் போய்த் தேய்க்க அவருக்கென்று ஒரு கல் எங்கும் இல்லை.

"சிலது தங்கும் அக்கா," என்றார் தவுக்கே, வியாபாரியின் நேர்மையோடு. "சிலது தங்காது."

அப்பா லாரிச் சக்கரத்தை விட்டுவிட்டு வந்தார். கல்லை ஒரு சுற்றுப் பார்த்தார். பெயர் இல்லாமல் அது அப்படிக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் தவுக்கேயின் பென்சிலை எடுத்து, நடுவில், துறைமுகக் கிராணியின் உருண்டையான கையெழுத்தில் அம்மாவின் பெயரை அவரே எழுதினார். பிறகு, வாளியைக் கவிழ்த்த நாளுக்குப் பின் முதல் முறையாக ஆன்ட்டியைப் பார்த்துப் பேசினார்.

"எவ்வளவு ஆழம் வெட்டச் சொல்லட்டும்?"

"என்னையா கேக்கறீங்கண்ணே?"

"வெள்ளிக்கெழம வந்து தேய்க்கப்போறது யாரு? நானா? ஒங்க கைக்குத் தாங்கற மாதிரி வெட்டணும்ல?"

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது இனி தொடவே மாட்டேன் என்றாவது சொல்லியிருப்பார்கள். ஆன்ட்டி அதைத் தன்னிடம் கேட்கவேண்டிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். முந்தானையில் கையைத் துடைத்தார். சுண்டுவிரலை நீட்டி, முதல் கணுவில் கட்டைவிரலை வைத்து அளந்து காட்டினார்.

"இது முங்கணும்."

"அவ்ளோ ஆழம் போனா கல்லு ஒடஞ்சுரும் அக்கா!"

"அப்ப ஒடையாத அளவுக்கு வெட்டுங்க." பென்சில் எழுத்தின்மேல் நின்ற தண்ணீரை அவர் தேய்க்காமல், விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். "நான் மெதுவாத் தேச்சுக்கறேன்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "வெட்டுங்க தவுக்கே," என்றார்.